ஒரு வயிற்றுக்கு இரண்டு சொல்

வெளிநாட்டில் அவர் வேலை பார்க்கும் அந்தப் பெரிய கடையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேனேஜரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவர் சிஐடி. மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, சுவர் முழுக்கத் திரைகள், கிறீச்சிடும் சுழல்நாற்காலி ஒன்று, அதில் சிஐடி. யார் சோப்பைக் கூடையில் போடாமல் பையில் போடுகிறார்கள், யார் சட்டைக்குள் எதைச் செருகுகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதுதான் அவருக்கு வேலை.

அந்த வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்தத் திருடனும் ஒரே கேமராவுக்கு முன்னால் நின்று திருட்டை முழுதாகச் செய்து காட்டமாட்டான். ஒரு கேமராவில் பொருளை எடுப்பான். அடுத்ததில் அலமாரி அவனை மறைத்துவிடும். அதற்கடுத்ததில் கையை வீசிக்கொண்டு வருவான். இந்தத் துண்டுகளையெல்லாம் வரிசையாகக் கோத்து, நடுவில் தெரியாமல் போனதைத் தானே ஊகித்து, இதெல்லாம் ஒரே ஆளின் வேலை என்று சொல்ல வேண்டும். அதில் சிஐடி கெட்டிக்காரர். இந்தக் கெட்டிக்காரத்தனம் வேலை முடிந்ததும் கழற்றி மாட்டுகிற சீருடையாக இருந்தால் தேவலை. அவர் அதைப் போட்டுக்கொண்டேதான் வீட்டுக்குப் போவார்.

வீட்டில் இருப்பது அவர் மனைவி ஒருத்திதான். அவள் முன்பு ஓர் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருந்தாள். ஒருநாள் நல்ல மழை. கூட வேலை பார்க்கும் ஒருவர் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அந்த மழை அன்றைக்கே விட்டுவிட்டது, ஆனால் வீட்டுக்குள் வருஷக்கணக்காகத் தூறிக்கொண்டிருந்தது. சிஐடி ஒருநாளும் கத்தியவரில்லை, கை நீட்டியவருமில்லை. கேட்பார், அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் யார், மதியம் யாரோடு சாப்பிட்டாய், பல் டாக்டரிடம் இவ்வளவு நேரம் என்ன வேலை. சும்மா கேட்டதுதான் என்று அவர் சொல்வார். சும்மா கேட்கிறவர் ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டு, நாலு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பல் டாக்டரிடம் போவதை நிறுத்தினாள். பிறகு அலுவலகத்தையும் விட்டாள்.

அவளுடைய தங்கைதான் இந்தப் புது வேலையைப் பிடித்துக்கொடுத்தது. தொலைபேசியில் மொழிபெயர்க்கும் வேலை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி, எதிரில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த டாக்டர், இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் ஒரு போன். அந்தப் போனுக்குள் இவள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றதும் சிஐடிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறையை அவரே ஒழித்துக்கொடுத்தார், மேசை போட்டார், வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கக் கதவின் பின்பக்கம் ஒரு கனமான போர்வையையும் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அதையெல்லாம் செய்து முடித்த பிறகுதான் அந்தக் கதவு சாத்தியே இருக்கும் என்பது தெரிந்தது. அழைப்பு நடக்கும்போது அறைக்குள் வேறு ஆள் இருக்கக்கூடாதாம். யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று வெளியில் மூச்சு விடக்கூடாதாம்.

"என்கிட்டகூடவா?" என்று கேட்டார்.

"வீட்டு ஆளுங்ககிட்டதான் முக்கியமா சொல்லக்கூடாதுங்கறாங்க," என்றாள் அவள்.

அந்த 'முக்கியமா'வை அவர் ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தார்.

டாக்டர்களிடம் ஆங்கிலத்தில் பேசும்போது அவள் நிறுத்தி, உரக்கப் பேசுவாள். லைனில் சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டர்கள் அலுத்துக்கொள்வார்களாம். நோயாளியிடம் தமிழில் பேசும்போது குரல் தானாகத் தாழ்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால் போர்வையைத் தாண்டிச் சமையலறைப் பக்கம் வந்து சேர்வது ஆங்கிலம் மட்டும்தான். சிஐடியின் ஆங்கிலமோ கடை ஆங்கிலம். பையைத் திறந்து காட்டு, ரசீது எங்கே, போலீஸைக் கூப்பிடட்டுமா, இந்த மூன்றுக்குப் போதுமானது. ஆனாலும் ஒருநாள் காலையில், வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் மனைவியின் குரல் தெள்ளத்தெளிவாகச் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது.

"மை ஹஸ்பண்ட் டஸ் நாட் நோ."

ஷூ கயிறு பாதியில் நின்றது. நோயாளி சொன்னதைத்தான் சொல்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தார். உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டார். மொழிபெயர்ப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாதா? கடையில் ஒருமுறை தமிழ்க்காரப் பெண் ஒருத்தி ஷாம்புவோடு பிடிபட்டபோது மேனேஜருக்கு விளக்கிச் சொன்னது யார்? 'அவ எடுக்கலங்கிறா, அவ புருஷன் வெளிய நிக்கிறான்ங்கிறா' என்றுதானே ஆங்கிலத்தில் சொன்னார்? நோயாளி சொன்னதாக இருந்தால் 'அவ புருஷனுக்குத் தெரியாதாம்' என்றல்லவா வரவேண்டும்? இவள் 'மை' என்கிறாள். மை என்றால் என்னுடைய. இதுகூடத் தெரியாமல் அவர் என்ன பால்குடிப் பிள்ளையா?

அன்றிலிருந்து சிஐடிக்கு இரண்டு ஷிப்ட். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. தண்ணீர் குடிக்க வருகிற சாக்கில் பின்னறைக் கதவைத் தாண்டுவார், ஜன்னல் துடைக்கிற சாக்கில் நிற்பார். அதற்கு முன்னால் அவர் ஜன்னல் துடைத்ததை அந்த வீடு பார்த்ததில்லை. காதில் விழுந்த சொற்களைப் போனில் தட்டி அர்த்தம் பார்ப்பார். 'ஐ காண்ட் ஸ்லீப்' ஒருநாள். 'ஃபோர் மந்த்ஸ்' இன்னொருநாள். 'மை பெல்லி' மட்டும் அடிக்கடி வந்தது. பெல்லி என்றால் வயிறு என்றது போன். 'மை பெல்லி இஸ் கெட்டிங் பிக்கர்' என்று ஒருநாள் வந்தபோது அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. குறை யாரிடம் என்பது பரிசோதித்த டாக்டருக்கும் அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். அது அவரிடம்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் சொந்தபந்தங்கள் அவளைத்தான் ஜாடைமாடையாகப் பேசினார்கள், அவள் பெற்ற தாய் உட்பட. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாளே தவிர, ஒருநாளும் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று சிஐடி நினைத்ததுண்டு. ஆனால் சந்தேகம் வந்த பிறகு அதே காரியம் வேறு மாதிரித் தெரிந்தது. இத்தனை பெரிய ரகசியத்தை இத்தனை வருஷம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவளுக்கு, இன்னொன்றை வைத்துக்கொள்வது என்ன கஷ்டம்?

புருஷனுக்குத் தெரியாது, தூக்கம் வரவில்லை, நாலு மாதம், வயிறு பெரிதாகிறது. துண்டுகள் கனகச்சிதமாகக் கோத்துக்கொண்டன. யார் அவன் என்பது மட்டும்தான் அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்தது.

இதற்கிடையில் அவள் இளைத்துக்கொண்டு வந்தாள். தட்டில் போட்டுக்கொள்வது குறைந்தது. கேட்டால் 'அப்பவே சாப்பிட்டாச்சு' என்பாள். யாருக்காக இந்த இளைப்பு என்று அவர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வயிறு வளர்கிறதென்றும் சந்தேகம், உடம்பு இளைக்கிறதென்றும் சந்தேகம். இரண்டும் ஒரே உடம்பில் எப்படி என்று கேட்க வேண்டாமா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடக் கிளம்பியவனுக்கு அதெல்லாம் ஒரு கேள்வியா?

ஒருநாள் அவர் வேலையிலிருந்து வந்தபோது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெளியே போய் வந்த புடவை நாற்காலியில் கிடந்தது. எங்கே போனாய் என்று கேட்டார். சும்மா காற்றாட என்றாள். தொண்டைக்கு என்ன என்று கேட்டார். பேசிப் பேசித்தான் என்றாள். இன்றைக்கு உனக்கு லீவாயிற்றே, யாரிடம் இவ்வளவு பேச்சு என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். பிடிக்க வேண்டிய ஆளைப் பாதியில் மிரட்டக்கூடாது, வாசல் வரை போகவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பது கடைச் சட்டம்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. அவர் குளித்துவிட்டு வரும்போது சமையலறையில் குழாய் ஓடும் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டது. "மை ஸ்டொமக்," என்றாள். அதற்குப் பிறகு வந்த சொற்கள் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் வந்ததைப் பார்த்துப் பேச்சை முடித்துக்கொண்டாள். அவர் அறைக்குப் போய்ப் போனில் தட்டிப் பார்த்தார். ஸ்டொமக் என்றாலும் வயிறு என்றது போன். அதுவும் வயிறு, இதுவும் வயிறு. ஒரு வயிற்றுக்கு எதற்கு இரண்டு சொல்? யாருக்கோ புரியக்கூடாதென்று மாற்றிப் பேசுகிறாளோ?

இனித் தாங்காது என்று ஆனபோது மச்சினியிடம் போனார். மச்சினி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அவளும் அதே கம்பெனியில் அதே வேலை. அக்காவுக்கு நேர் எதிர், வாயைத் திறந்தால் மூடாது. அவள் வீட்டுப் பின்வாசல் கேமராவைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று தான் போன மாதம் சொன்னது சிஐடிக்கு வசதியாக நினைவு வந்தது. அவள் மதிய இடைவேளையில் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சிஐடி ஏணிமேல் ஏறி, நன்றாக இருந்த ஒரு திருகாணியைத் தளர்த்தி, மறுபடி முறுக்கிக்கொண்டே போட்டு வாங்கப் பார்த்தார். கடையில் ஷாம்புக்காரிக்குத் தான் மொழிபெயர்த்த கதையைச் சொன்னார். இப்படித்தானே நீங்களும் 'அவங்க இப்படிச் சொல்றாங்க, அப்படிச் சொல்றாங்க'ன்னு சொல்வீங்க என்று கேட்டார்.

மச்சினி சிரித்துவிட்டாள். அப்படிச் சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும் என்றாள். நோயாளி 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும், நடுவில் நாங்கள் என்று ஓர் ஆளே இருக்கக்கூடாது, அதுதான் இந்த வேலையின் முதல் பாடம் என்று விளக்கினாள்.

"நேத்து காலைல நான் ஒண்ணுக்கு வராத தாத்தா, மாமா. மத்தியானம் மாசமா இருக்கிற பொண்ணு, வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. சாயங்காலம் குடிச்சுட்டு மாடிப்படியில விழுந்தவன். எங்க வீட்டுக்காரர் முதல் வாரம் கதவுக்கிட்ட நின்னு கேட்டுட்டு, உனக்கு எப்ப சர்க்கரை வந்துச்சுன்னு அழுதுட்டார்."

சிஐடிக்கு ஏணியே லேசாக ஆடியது. பிறகு சிரிப்பு வந்தது. அவர் சிரித்த சிரிப்பு அந்த நகைச்சுவைக்குக் கொஞ்சம் அதிகம். மச்சினி உரிப்பதை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். நீங்களும் கதவுக்கிட்ட நின்று கேட்டீர்களா என்று கேட்டாள். சேச்சே என்றார். கூடையிலிருந்த இன்னொரு ஆரஞ்சைத் தானே எடுத்து உரித்துச் சாப்பிட்டார். இத்தனை நாளாக அவர் கோத்தது பத்துப் பேரின் துண்டுகளை. தூக்கம் வராதவள் வேறொருத்தி, வயிறு பெரிதானவள் வேறொருத்தி, புருஷனிடம் சொல்லாதவள் மூன்றாமவள். எல்லோருக்கும் குரல் கொடுத்தது மட்டும்தான் இவள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வெட்கமே இனிப்பாக இருந்தது. இன்றைக்குப் போனதும் அவளிடம் நன்றாகப் பேச வேண்டும், தானே சமைக்க வேண்டும் என்றெல்லாம் மனதுக்குள் திட்டம் ஓடியது.

ஏணியை மடக்கும்போது, இனி அதில் ஒன்றுமில்லை என்கிற தைரியத்தில், மிச்சமிருந்ததையும் கேட்டுவைத்தார். "ஆமாம்மா, பெல்லின்னாலும் வயிறு, ஸ்டொமக்னாலும் வயிறு. அதென்ன ரெண்டு?"

"உங்களுக்குச் சந்தேகம் வராத விஷயம்னு ஒண்ணு இருக்கா மாமா," என்றாள் மச்சினி. ஆனால் அது அவளுக்குப் பிடித்த விஷயமாக இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோலைக் கீழே வைத்துவிட்டு, தன் வயிற்றில் கையை விரித்து வைத்துக் காட்டினாள். மார்புக்குக் கீழேயிருந்து இடுப்பு வரைக்கும் முன்பக்கம் மொத்தமும் பெல்லி. பார்க்கலாம், தொடலாம், குண்டாகலாம். ஸ்டொமக் அதற்குள்ளே இருக்கிற ஓர் உறுப்பு, சாப்பாடு போய் விழுகிற பை, தமிழில் இரைப்பை. ஆங்கிலக்காரர்களே பேச்சில் கலந்துகட்டிச் சொல்வார்கள், ஆனால் டாக்டருக்கு முன்னால் அப்படிச் சொன்னால் வினை. நம் ஆட்களுக்கு எது வலித்தாலும் வயிறுதான். குடலா, பித்தப்பையா, கர்ப்பப்பையா என்று அவர்களுக்கே தெரியாது. நாமாக ஸ்டொமக் என்று சொல்லிவிட்டால் டாக்டர் இரைப்பையைத் தேடிக்கொண்டிருப்பார், கோளாறு வேறெங்கோ இருக்கும். அதனால் வயிறு என்று காதில் விழுந்தால் வாயில் பெல்லிதான் வரவேண்டும்.

"அக்கா வேலைக்குச் சேந்தப்ப இதைச் சொல்லிக்குடுத்ததே நான்தான். அக்கா வாயில இது ஒரு தடவைகூடத் தப்பாது," என்றாள்.

"அப்ப மை ஸ்டொமக்னு சொல்லவே மாட்டீங்களா?"

"எந்த நோயாளி வந்து என் இரைப்பைன்னு சொல்றாங்க, மாமா? இத்தனை வருஷத்துல நான் கேட்டதில்ல. அப்படிச் சொன்னா, உள்ள எந்த உறுப்புன்னு டாக்டர் பாத்துச் சொல்லி, அவங்களே தெரிஞ்சுகிட்டதாத்தான் இருக்கணும்."

சிஐடி ஏணியைக் கீழே வைத்தார். அக்காவின் உடம்பைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அக்காவுக்கு என்ன என்று மச்சினி திருப்பிக் கேட்டாள். அவள் முகத்தில் கேள்வி மட்டும்தான் இருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கேமராவை எந்தப் பக்கம் திருப்பி வைத்தோம் என்றுகூடப் பார்க்காமல் நடந்தார்.

நடக்க நடக்க அந்த வியாழக்கிழமை மறுபடி ஓடியது. திரையில் பழைய பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம்தானே. அன்றைக்கு அவள் பின்னறையில் இல்லை, சமையலறையில் இருந்தாள். அழைப்பு எடுக்கும்போது தலையில் மாட்டிக்கொள்கிற ஹெட்போன் இல்லை. சொந்தப் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். குழாயடியில் பாத்திரம் எதுவும் இல்லை, தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் வெளுக்கிற அளவுக்கு. இதெல்லாம் கண்ணில் பட்டுத்தான் இருந்தது. அவர்தான் பார்க்கவில்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு யாரோ ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தார்.

போதாததற்கு மற்றதும் வந்து நின்றது. அப்பவே சாப்பிட்டாச்சு. கட்டிய தொண்டை. தளர்ந்துபோன ரவிக்கை. பத்துப் பேரின் துண்டுகளைக் கோத்து ஒருத்தியாக்கினாரே, அந்தக் குவியலில் ஒன்றே ஒன்று நிஜமாகவே இவளுடையது. அதை மட்டும் அவர் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் நெஞ்சு படபடக்கிறதென்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாருடைய நெஞ்சோ. சிஐடி சுவரில் சாய்ந்து நின்றார். பல நாட்களுக்குப் பிறகு ஒட்டுக் கேட்காமல் அந்த இடத்தில் நின்றார். அவளிடம் என்ன கேட்பது, எப்படித் தொடங்குவது என்பதைத் தவிர எதுவும் ஓடவில்லை. அவள் போய்விடுவாளோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தார். அவள் போகிற இடம் இதுவாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை.

அழைப்பு முடிந்து அவள் வெளியே வந்தாள். அவர் நிற்பதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். இந்நேரத்தில் கடையில் இருக்க வேண்டியவர்.

"உன் இரைப்பைக்கு என்ன?" என்று கேட்டார்.

வயிறு என்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பாள். இரைப்பை என்றதும் அவளால் அப்படித் தட்டிக்கழிக்க முடியவில்லை. பிறகு சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, இரண்டு மிடறு குடித்து, மீதியை ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"புண் இருக்கு. சாதாரணப் புண் மாதிரி தெரியலைங்கறாங்க. வாய்வழியா குழாய் விட்டுப் பாத்தாங்க, துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. அன்னைக்கு சமையலறையில பேசுனது அந்த டாக்டர்கிட்டதான். வர்ற புதன்கிழமை தெரிஞ்சுடும்."

மற்றவர்களின் வியாதியை டாக்டரிடம் சொல்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சிஐடிக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. வலிக்கிறதா என்று கேட்கலாம். பயப்படாதே என்று சொல்லலாம். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் போய் உட்காரலாம். அவர் உண்மையிலேயே அதைத்தான் நினைத்தார். நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"குழாய் விட்டப்ப கூட யார் வந்தா?"

கேட்ட பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தான் அப்படிக் கேட்க வரவில்லை, அந்த அர்த்தத்தில் கேட்கவே இல்லை என்று சொல்ல வார்த்தை தேடினார். அத்தனை வருஷப் பழக்கம் அவருக்கு முன்னால் ஓடிப்போய் அவர் வாயில் உட்கார்ந்துகொண்டுவிட்டது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குப் பிழைக்க ஒரு வழி இருந்திருக்கும்.

"சொன்னா நீங்க வருவீங்கன்னு தெரியும்," என்றாள். "வந்து டாக்டரைப் பாப்பீங்க, நர்ஸைப் பாப்பீங்க, நான் அவங்களை எப்படிப் பாக்குறேன்னு என்னைப் பாப்பீங்க. அன்னைக்கு ஒரு நாளாவது யாரும் என்னைப் பாத்துக்கிட்டு நிக்காம இருந்தாப் போதும்னு இருந்துச்சு."

அவர் தலை குனிந்தார். அவள் புடவைத் தலைப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"மயக்க மருந்து குடுக்கணும்னா திரும்பக் கூட்டிட்டுப் போக வீட்டு ஆள் ஒருத்தர் வேணும், இல்லேன்னா தொண்டையில மருந்து அடிச்சுட்டு முழிச்சிருக்கும்போதேதான் குழாயை விடணும்னாங்க."

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டார்.

"வீட்டு ஆள்னு யாரும் இல்லைன்னு சொன்னேன்."

உள்ளே அடுத்த அழைப்புக்கான மணி அடித்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.